நெய்த புல்

இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் கம்பளித் துணிக்குப் பேர்போனது. நெய்து முடித்த கம்பளியின் மேல் சிலிர்த்துக்கொண்டு நிற்கும் நூல்முடிகளை ஒரே மட்டமாகக் கத்தரிக்க, அங்கிருந்த ஆலைகளில் சுழலும் அலகுகள் கொண்ட ஓர் இயந்திரம் இருந்தது. அந்த ஊர்ப்பக்கம் இயந்திர வேலை செய்துவந்த எட்வின் பட்டிங் அதைப் பார்த்து ஒன்று யோசித்தார். துணியின் மயிரை வெட்டுகிற இது புல்லை வெட்டாதா? 1830இல் அவர் காப்புரிமை வாங்கிய புல்வெட்டும் இயந்திரம்தான் இன்றைக்கு உலகத்தில் இருக்கும் எல்லாப் புல்வெட்டிகளுக்கும் பாட்டன். (தமிழில் எழுதினால் அவர் பெயரும், கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் ‘பட்டிங்’கும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. அதற்கு நான் பொறுப்பில்லை. இனி அவரை எட்வின் என்றே சொல்கிறேன்.)

எட்வின் தன் காப்புரிமைப் பத்திரத்தில், கிராமத்துக் கனவான்கள் இந்த இயந்திரத்தைத் தாங்களே தள்ளினால் பொழுதும் போகும், உடம்புக்கும் நல்லது என்கிற பொருளில் ஒரு வரி சேர்த்திருந்தார். கனவான்கள் தள்ளவில்லை. வேலைக்காரர்கள் தள்ளினார்கள்.

வீட்டில் ஒரு பட்டிங் கிரீன் போட்டுக்கொள்வது பற்றித்தான் எழுதப்போகிறேன். பணக்காரர் விளையாட்டின் ஓரத்திலிருக்கும் இன்னொரு பணக்காரப் பொழுதுபோக்கு என்று தாண்டிப் போய்விடலாம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் தாண்டிப் போனேன். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் இருக்கும் பெரியப்பா மகன், என் அண்ணன், தன் வீட்டுக் கொல்லையில் ஒன்று போட்டபோது கூடமாட நின்றேன். அதன்பிறகு தேடிப் படித்ததில் எனக்குப் பட்டது இது: இந்த வரலாற்றைப் புல்லின் வரலாறாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் முதல் நாளிலிருந்தே இதற்குள் துணி இருக்கிறது. துணி வெட்டிய இயந்திரம் புல்லுக்கு வந்தது. கடைசியில் புல்லே துணியாகிவிட்டது. நடுவில் என்ன நடந்தது என்பதுதான் விஷயம்.

*

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிஷம். பந்தைத் தூரத்திலிருந்து அடித்துக்கொண்டு வந்து, கடைசியில் ஒரு சின்னக் குழிக்குள் போட வேண்டும். அந்தக் குழியைச் சுற்றி மிக நுணுக்கமாகப் புல்வெட்டிய பரப்புக்குப் பெயர் கிரீன். அங்கே அடிப்பதில்லை, உருட்டுவதுதான். குழியின் விட்டம் நாலேகால் அங்குலம். ஸ்காட்லாந்தின் மஸல்பரோவில் 1829இல் செய்த குழிவெட்டும் கருவியின் அளவு அது. 1891இல் அதையே எல்லோருக்கும் பொது அளவாக்கினார்கள். ஏதோ ஒரு பட்டறைக்காரர் கைக்குக் கிடைத்த குழாயின் அளவு உலகச் சட்டமாகிவிட்டது.

ஆரம்பத்தில் இந்தப் பரப்புகளை யாரும் ‘போடவில்லை’. ஸ்காட்லாந்தின் கடலோர மணல்மேடுகளில் முயல்களும் ஆடுகளும் மேய்ந்து மேய்ந்து புல் ஒட்ட இருந்த இடங்களில் குழி தோண்டினார்கள், அவ்வளவுதான். புல்லை வளர்ப்பது ஒரு வேலையாக மாறியது டாம் மாரிஸ் காலத்தில். ஒருமுறை அவர் மணல் வண்டி கிரீன்மேல் கவிழ்ந்துவிட்டதாம்; கொட்டிய இடத்தில் புல் முன்னைவிடச் செழித்ததாம். அன்றிலிருந்து மணல் போடு, இன்னும் மணல் போடு என்பதே அவர் வைத்தியம் என்று கதை. மேலே மணல் தூவி மட்டப்படுத்துவது இன்றைக்கும் கிரீன் பராமரிப்பில் பாதி வேலை.

செயின்ட் ஆண்ட்ரூஸில் அதே டாம் மாரிஸ் பெண்களுக்காக ஒரு தனிப் பரப்பு அமைத்துக் கொடுத்தார். அங்கே 1867இல் பெண்களின் சங்கம் தொடங்கியது. பெண்கள் மட்டையைத் தோளுக்குமேல் ஓங்கினால் மரியாதையாக இருக்காது என்ற காலம். ஆகவே உருட்டட்டும் என்று விட்டார்கள். மேடும் பள்ளமுமாக இருக்கும் அந்த இடத்துக்கு ‘ஹிமாலயாஸ்’ என்று செல்லப்பெயர். இன்றும் இருக்கிறது. மைதானம் வேண்டாம், தூரம் வேண்டாம், உருட்டுவது மட்டுமே ஒரு முழு விளையாட்டு என்பதை முதலில் கண்டுகொண்டவர்கள், மைதானத்துக்குள் சமமாக விடப்படாத பெண்கள்தான். கோல்ஃபை வீட்டளவுக்குச் சுருக்கலாம் என்ற எண்ணத்துக்கு விதை அங்கே விழுந்ததாகவே நினைக்கிறேன்.

*

ஸ்காட்லாந்தின் குளிரில் வந்த புல் அமெரிக்காவின் தென்மாநிலங்களின் கோடையில் நிற்கவில்லை. அதனால் அங்கே பல மைதானங்களில் கிரீன் என்று பெயருக்குச் சொல்லிக்கொண்டு மணலையும் களிமண்ணையும் கலந்து உருட்டிவைத்திருந்தார்கள், அல்லது மணலில் எண்ணெய் ஊற்றி. வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்டில், உலகப் புகழ்பெற்ற இரண்டாம் எண் மைதானத்திலேயே 1935வரை புல் கிரீன் கிடையாது. இந்தியச் சமவெளியிலும் இதே கதைதான். எண்ணெய் பிசைந்த மணல்பரப்பை இங்கே ‘பிரவுன்’ என்றே நேர்மையாகச் சொன்னார்கள். ஆட்டக்காரர் நடந்த தடத்தை அழித்து அடுத்தவருக்கு மட்டப்படுத்தி வைக்க ஓர் ஆள் பின்னாலேயே போக வேண்டும்.

அதே பைன்ஹர்ஸ்டில், முதல் உலகப்போர்க் காலத்தையொட்டி, ஜேம்ஸ் பார்பர் என்ற கப்பல் முதலாளி தன் மாளிகைத் தோட்டத்துக்குள் ஒரு குட்டி கோல்ஃப் மைதானம் கட்டினார். பூப்பாத்தி, நீரூற்று, வளைந்த நடைபாதை, நடுநடுவே குழிகள். வேலை முடிந்ததும் பார்த்துவிட்டு ‘இது போதும்’ என்றாராம். அந்தச் சொல்லையே ஸ்காட்லாந்து உச்சரிப்பாக முறுக்கி ‘திஸில் டூ’ என்று தோட்டத்துக்குப் பெயராக வைத்துவிட்டார். வீட்டு கோல்ஃபின் வரலாற்றில் எனக்குத் தெரிந்து ‘போதும்’ என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

அடுத்த நகர்வு பருத்தியிலிருந்து வந்தது. தாமஸ் ஃபேர்பேர்ன் என்ற ஆங்கிலேயருக்கு மெக்சிகோவில் பருத்தித் தோட்டம், கூடவே கோல்ஃப் பைத்தியம். அந்த வறட்டு நிலத்தில் புல் வராது. பருத்தி ஆலையைச் சுற்றி, விதையின் தோல் கொட்டிக் கொட்டி மிதிபட்ட தரை மெத்தென்று, மட்டமாக, பந்து உருளுகிற மாதிரி இருப்பதை அவர் கவனித்தார். பருத்திக்கொட்டையின் தோலை எண்ணெய் விட்டுக் கலந்து, பச்சைச் சாயம் போட்டு, மணல் அடித்தளத்தின்மேல் அழுத்திப் பரப்பினார். 1920களின் தொடக்கத்தில் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். முதல் செயற்கை கிரீன் என்று இதைத்தான் சொல்ல வேண்டும். நூலை எடுத்துத் துணிக்கு அனுப்பிவிட்டு, மிஞ்சிய கொட்டையின் தோலில் பச்சையடித்தது. அதுவும் கம்பளி ஆலைக்குத் தூரத்துச் சொந்தம்தான்.

அந்த உத்தியை ஊரெங்கும் கொண்டுபோனவர் கார்னெட் கார்ட்டர். ஜார்ஜியாவின் வடமேற்கு மூலையில், டென்னஸியைத் தொட்டுக்கொண்டிருக்கும் லுக்அவுட் மலையில் ‘ஃபேரிலேண்ட்’ என்று ஒரு குடியிருப்பும் விடுதியும் நடத்திவந்தார். விடுதிக்கு வருகிறவர்களின் பொழுதுபோக்குக்காக ஒரு குட்டி மைதானம் அமைத்தார். அவர் மனைவி ஃப்ரீடா குள்ளபூதங்களும் தேவதைகளுமாக அலங்காரம் செய்தார். ‘டாம் தம்ப் கோல்ஃப்’ என்ற பெயரில் அந்த அமைப்பை விற்கத் தொடங்கினார்கள். 1930 கோடையில் அமெரிக்காவே இந்தக் கிறுக்கில் இருந்தது. பொருளாதாரம் சரிந்து ஆட்கள் வேலையிழந்து நின்ற நேரம். காலி மனைகளிலும், நியூயார்க்கில் மொட்டைமாடிகளிலும் சில்லறைக் காசுக்கு கோல்ஃப். ஒன்றிரண்டு வருஷத்தில் அலை வடிந்தது. ஆனால் ஒரு பழக்கம் மிஞ்சியது. பச்சையாக, மட்டமாக இருந்தால் போதும், உயிருள்ள புல்லாக இருக்க வேண்டியதில்லை என்று சனங்களின் காலுக்குப் பழகிவிட்டது.

*

இனி ஜார்ஜியாவை விட்டு அதிகம் நகர வேண்டியதில்லை. மாநிலத்தின் தென்பகுதியில் டிஃப்டன் என்ற சின்ன ஊர். அங்கிருக்கும் வேளாண் ஆய்வு நிலையத்துக்கு 1936இல் க்ளென் பர்ட்டன் என்ற இளம் விஞ்ஞானி வந்து சேர்ந்தார். அவர் வேலை, மாட்டுக்குத் தீவனப்புல் கண்டுபிடிப்பது. அவர் கையில் எடுத்த புல்லை அந்தப் பக்கத்துப் பருத்தி விவசாயிகள் சபித்துக்கொண்டிருந்தார்கள். பிடுங்கப் பிடுங்கக் கணுவுக்குக் கணு வேர்விட்டு பருத்திக் காட்டை மூடிவிடும் களை. அமெரிக்கர்கள் அதை பெர்முடா புல் என்கிறார்கள். தாவரவியல் பெயர் சைனோடான் டாக்டிலான்.

நாம் அதை அருகம்புல் என்கிறோம்.

இதைப் படித்த இரவு எனக்கு உண்மையிலேயே தூக்கம் வரவில்லை. டெலிவிஷனில் பார்க்கும், பட்டு விரித்ததுபோல மின்னும் வெப்பநாட்டு கோல்ஃப் கிரீன்களில் பெரும்பாலானவை பிள்ளையாருக்கு மாலை கட்டுகிற புல்லின் பிள்ளைகள். பர்ட்டன் முதலில் 1943இல் ‘கோஸ்டல்’ என்ற தீவன ரகத்தை வெளியிட்டார். தெற்கத்தி மாடுகளின் நிலையையே அது மாற்றியது. போருக்குப் பிறகு அமெரிக்க கோல்ஃப் சங்கம் அவருக்குக் கொஞ்சம் நிதி தந்து, எங்களுக்கும் ஒரு புல் பார்த்துக் கொடுங்கள் என்றது. வட கரோலினாவின் ஒரு கோல்ஃப் கிரீனிலிருந்து கிடைத்த மெல்லிய அருகையும், தென்னாப்பிரிக்காவின் ட்ரான்ஸ்வால் பகுதியைச் சேர்ந்த அதன் ஒன்றுவிட்ட உறவான ஒரு புல்லையும் இணைத்து, 1956இல் ‘டிஃப்கிரீன்’ வந்தது. 1965இல் அதிலிருந்து தானாகவே பிறழ்ந்த குட்டை ரகமான ‘டிஃப்ட்வார்ஃப்’. சாதாரண அருகை அரை அங்குலத்துக்குக் கீழே ஒட்ட வெட்டினால் சலித்துப்போய் சொட்டை விழும். இவை தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு, தினம் வெட்டினாலும் தாங்கின.

இந்தக் கலப்பினங்கள் மலடு. இவற்றிடமிருந்து முளைக்கிற விதை கிடைக்காது. கணுத்துண்டுகளை நட்டுத்தான் பரப்ப வேண்டும். ஆகவே உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் டிஃப்கிரீனும் டிஃப்டனில் இருந்த ஒரே செடியின் நீட்சி. கல்யாணத்தில் அருகைச் சொல்லி வம்சம் தழைக்க வாழ்த்துகிற ஊர்க்காரனுக்கு இதைக் கேட்க ஒருமாதிரிதான் இருக்கும்.

பர்ட்டனைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கோல்ஃபுக்கு சம்பந்தமில்லாவிட்டாலும். அவருடைய இன்னொரு பயிர் கம்பு. அமெரிக்காவில் அது மாட்டுத் தீவனம் மட்டுமே. டிஃப்டனில் அவர் உருவாக்கிய ‘டிஃப்ட் 23ஏ’ என்ற ஆண்மலட்டு வரிசையைத் தாயாக வைத்துத்தான் 1965இல் லூதியானாவில் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பு, ‘எச்பி-1’, உருவானது. விளைச்சல் எகிறியது, பிறகு அடிச்சாம்பல் நோய் அந்தத் தாய்வழியையே குறிவைத்து அடித்தது, அது வேறு கதை. ஒரே ஆள், ஒரே ஆய்வு நிலையம். ஒரு கையில் கனவான்கள் பந்து உருட்டும் தரை, இன்னொரு கையில் மானாவாரிக் காட்டின் கஞ்சி. அவரை மறக்க விரும்பாததற்கு எனக்கு அந்த இரண்டாவது கை ஒரு காரணம்.

*

வீட்டு கிரீன்களில் மிகப் புகழ்பெற்றது வெள்ளை மாளிகையில் இருந்தது. ஐசன்ஹோவர் அதிபரானதற்கு அடுத்த வருஷம், 1954இல், தன் அலுவலகத்துக்கு வெளியே தெற்குப் புல்வெளியில் ஒன்று போடச் சொன்னார். கோல்ஃப் சங்கம் முன்நின்று அமைத்துக் கொடுத்தது. ஆணி வைத்த கோல்ஃப் ஷூவோடு அலுவலகத்துக்குள் வந்து போய், தரைமரத்தில் பொத்தல் பொத்தலாகத் தடம் விழுந்தது. அணுகுண்டுப் போட்டியின் உச்சக்கட்டம் அது. மாலை நேரத்தில் அதிபர் வெளியே வந்து நாலு பந்து உருட்டிவிட்டுப் போவார்.

சிக்கல் அணில் வடிவில் வந்தது. அந்த மிருதுவான தரையில் கொட்டைகளைப் புதைக்கவும் தோண்டவும் அணில்களுக்கு அவ்வளவு வசதி. கடுப்பான ஐசன்ஹோவர், அடுத்த தடவை பார்த்தால் துப்பாக்கியால் சுடு என்று தன் உதவியாளரிடம் சொன்னாராம். அதிபர் மாளிகையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கடைசியில் பொறி வைத்துப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள். விஷயம் பத்திரிகைக்குப் போனது. 1955இல் ஓரிகன் மாநில செனட்டர் ரிச்சர்ட் நியூபெர்கர் செனட் சபையிலேயே அணில்களுக்காகப் பேசி, கிரீனுக்கு வேலி போட்டுத்தர நிதி திரட்டப்போவதாக அறிவித்தார். பொறிகள் போய்விட்டன. எதிர்க்கட்சிக்கு அதைவிட இனிப்பான வருஷம் அமைந்திருக்காது.

இதைச் சொல்லிச் சிரிக்கலாம்தான். ஆனால் எனக்கு அந்த அணில்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. உயிருள்ள புல் போட்டால் அதோடு சேர்ந்து வருகிறவர்களும் உண்டு. அணில், மண்புழு, பூஞ்சை, காலையில் புல்வெட்டுகிற ஆள். வெள்ளை மாளிகைக்கு அதெல்லாம் கட்டுப்படியாகும். நிக்சன் காலத்தில் அந்த கிரீனை எடுத்துவிட்டார்கள். 1995இல் கிளிண்டன் திரும்பவும் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். சாதாரண வீட்டுக்காரருக்கு அது முடியாது. ஒரு நிஜ கிரீனை தினம் மூன்று, நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்ட வேண்டும், அதற்கென்றே தனி இயந்திரம். சங்கம் 1960இல் வெளியிட்ட கட்டுமான முறைப்படி பார்த்தால் அடியில் வடிகால் குழாய், நாலு அங்குலம் சரளை, அதற்குமேல் ஓரடி மணல் கலவை. ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் அது கிரீனாக இருக்காது, சும்மா புல்லாகத்தான் இருக்கும்.

வேறொரு பக்கம், கிரீனுக்கு ஓர் எண் வந்து சேர்ந்தது. 1935 அமெரிக்க ஓபன் போட்டி ஓக்மான்டில் நடந்தபோது, உருட்டிய பந்து கிரீனைத் தாண்டி மணற்குழிக்குள்ளேயே போய் விழுவதைப் பார்த்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன், பரப்பின் வேகத்தை அளக்க மரத்தில் ஒரு சரிவுக்கட்டை செய்தார். சங்கம் அதை நாற்பது வருஷம் கழித்துத்தான் கையிலெடுத்து, அலுமினியத்தில் திருத்தி, 1978 வாக்கில் மைதானங்களுக்குக் கொடுத்தது. கட்டையிலிருந்து இறங்கும் பந்து எத்தனை அடி உருளுகிறதோ அதுதான் வேகம். சமமில்லாத பரப்புகளைச் சீராக்கத்தான் செய்தார்கள். ஆனால் எண் என்று ஒன்று வந்தால் போட்டியும் வரும். எங்கள் கிரீன் பத்து, உங்களது பதினொன்று. வேகம் கூட்ட இன்னும் ஒட்ட வெட்டினார்கள். ஒட்ட வெட்டினால் புல் சாகும் தறுவாயில்தான் உயிர்வாழும். இந்த எண்ணைக் கேட்டவுடன் எனக்குப் பள்ளி ரேங்க் கார்டு ஞாபகம் வருகிறது.

*

புல் துணியாகிப்போன இடம் ஹூஸ்டன். 1965இல் அங்கே உலகின் முதல் பிரமாண்டக் கூரையிட்ட பேஸ்பால் அரங்கம், ஆஸ்ட்ரோடோம், திறக்கப்பட்டது. உள்ளே நிஜப்புல், டிஃப்வே-419 என்ற ரகம், அதுவும் பர்ட்டனின் பிள்ளைதான். கூரையில் ஒளி ஊடுருவும் பலகைகள். பகல் ஆட்டங்களில் அந்தக் கண்கூச்சத்தில் ஆட்டக்காரர்களுக்கு மேலே போன பந்து தெரியவில்லை. கூரைக்குப் பெயின்ட் அடித்தார்கள். பந்து தெரிந்தது, புல் செத்தது. மிச்சப் பருவம் முழுக்க, செத்த புல்லுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து ஆடினார்கள்.

மாற்று ஏற்கெனவே தயாராக இருந்தது. நகரத்துப் பிள்ளைகளுக்கு விளையாட இடமில்லை, உடம்பு வலுவில்லை என்ற கவலையில் ஃபோர்டு அறக்கட்டளை நிதியில் நடந்த ஆராய்ச்சியை ஒட்டி, மான்சாண்டோவின் நூலிழைக் கம்பெனி நைலான் புல் ஒன்றைச் செய்திருந்தது. 1964இல் ராட் ஐலண்டின் ஒரு பள்ளியில் அதை விரித்திருந்தார்கள். அப்போது பெயர் கெம்கிராஸ். 1966இல் ஆஸ்ட்ரோடோமுக்குள் வந்ததும் பெயர் ஆஸ்ட்ரோடர்ஃப். ஏழைப் பிள்ளைகளின் ஓடியாடும் இடமாக யோசிக்கப்பட்ட பொருள் இன்று அதிகம் பேரின் கொல்லையில் தனியாள் விளையாட்டுக்கு விரிந்து கிடப்பதை என்ன சொல்வது?

இந்தப் புல் நெய்யப்படுவதில்லை, தைக்கப்படுகிறது. அந்தத் தையல் திரும்பவும் ஜார்ஜியாவுக்குத்தான் கொண்டுபோகிறது. கார்ட்டரின் லுக்அவுட் மலையிலிருந்து கொஞ்ச தூரத்தில் டால்டன். அங்கே 1895இல் காதரீன் எவன்ஸ் என்ற பதினைந்து வயதுப் பெண், பழைய படுக்கைவிரிப்பு ஒன்றைப் பார்த்துத் தானே ஒன்று செய்தாள். துணியில் தடித்த நூலை ஓட்டி, கண்ணிகளைக் கத்தரித்து, குஞ்சம் குஞ்சமாக நிற்கவிடும் முறை. 1900இல் ஒன்றை இரண்டரை டாலருக்கு விற்றாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள், வீட்டுக்கு வீடு குடிசைத்தொழில் ஆனது, நெடுஞ்சாலை ஓரம் கொடிகட்டி மயில் போட்ட விரிப்புகள் காற்றில் ஆடின. தையல் மெஷினை மாற்றியமைத்து அந்தக் குஞ்சத்தை இயந்திரம் போடத் தொடங்கியதும் படுக்கைவிரிப்பு கம்பளமாயிற்று. டால்டன் உலகின் கம்பளத் தலைநகரம் என்று பெயர் வாங்கியது. அடிப்படையில் அதே தையலில், நைலானும் பாலிப்ரொப்பிலீனும் ஓட்டினால் கிடைப்பதுதான் வீட்டு பட்டிங் கிரீன். தென்கோடியில் டிஃப்டன் அருகைக் குட்டையாக்கிக்கொண்டிருந்த அதே மாநிலத்தின் வடகோடியில், அருகுக்கு மாற்று ஊசியில் தயாராகிக்கொண்டிருந்தது. ஊசிதான் ஜெயித்தது, வீட்டளவிலாவது.

*

அண்ணன் வீடு அட்லாண்டாவுக்கு வடக்கே, ஆல்ஃபரெட்டாவில். மகன் பள்ளி கோல்ஃப் டீமில் இருக்கிறான். குடியிருப்போர் சங்கத்தில் அனுமதி கேட்டு, முன்பக்கம் கூடாது, பின்பக்கம் பரவாயில்லை என்று பதில் வந்து, ஆகஸ்டில் வேலை தொடங்கியது. எவ்வளவு ஆயிற்று என்று அண்ணி பக்கத்தில் இருக்கும்போது கேட்கக்கூடாது.

முதல் வேலை, இருக்கிற புல்லைக் கொல்வது. இரண்டு வாரம் முன்னாடியே வந்து களைக்கொல்லி அடித்துவிட்டுப் போனார்கள். “பெர்முடா மட்டும் விட்டா எங்கேர்ந்தாவது ஓரத்துல துளைச்சிட்டு வந்துடும்டா, அதான்” என்றான் அண்ணன். பிறகு ஐந்து அங்குலத்துக்குத் தோண்டினார்கள். ஜார்ஜியாவின் செம்மண் நம் செம்மண்ணைவிடச் சிவப்பு. ஈரத்தில் பிசுக்கென்று காலைப் பிடிக்கும். அடியில் ஒரு துணி விரிப்பு, மேலே உடைகல், அதற்குமேல் கல்தூள். தண்ணீர் தெளித்து அதிரும் தகடுபோட்ட இயந்திரத்தால் இறுக்கினார்கள். வந்த நான்கு பேரில் வயதானவர் மட்டும் இயந்திரத்தைத் தொடவில்லை. நீளமான மட்டப்பலகையும் ஒரு வாரியும்தான் அவர் கையில். பலகையை வைப்பார், குனிந்து கண்ணை மூடித் திறப்பார், ஒரு கை கல்தூளை எடுத்துப் போடுவார், திரும்ப வைப்பார். மேடு எங்கே, சரிவு எங்கே, பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் அவர் அன்று தீர்மானித்ததுதான். இனி அது மாறாது. நிஜ கிரீன் காலையில் பனியில் மெதுவாகவும், உச்சியில் வேகமாகவும், சாயங்காலம் அன்று வளர்ந்த வளர்ச்சியில் திரும்ப மெதுவாகவும் இருக்கும். இது எந்நேரமும் பத்து. பதினைந்து அடி அகலச் சுருளை எந்தப் பக்கமிருந்து விரித்தார்களோ அந்தப் பக்கம்தான் இழை சாயும்.

குழிகளுக்கான பிளாஸ்டிக் குவளைகளை முன்பே பதித்துவிட்டார்கள். நாலேகால் அங்குலம். விரிப்பை அதன்மேல் போட்டு, விரலால் தடவி, கத்தியால் வட்டமாக வெட்டி எடுத்தார் அந்தப் பெரியவர். ஓரமெல்லாம் ஆணி. மேலே மணலைத் தூவித் துடைப்பத்தால் இழைகளுக்குள் இறக்கினார்கள். டாம் மாரிஸ் வந்திருந்தால் இந்த ஒரு வேலையை மட்டும் அடையாளம் கண்டிருப்பார்.

அந்த வாரம்தான் விநாயக சதுர்த்தி. பெரியம்மா கும்பகோணத்திலிருந்து வந்து மூன்று மாதமாகியிருந்தது. காலையில் குளித்துவிட்டு ஒரு தட்டோடு கொல்லைக்கு வந்தார்கள். வேலி ஓரமாகக் குனிந்து எதையோ கிள்ளிக்கொண்டிருந்ததை அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஓடினான்.

“அம்மா, அதைத் தொடாதீங்க. மருந்து அடிச்சிருக்கு.”

“எதுக்குடா அருகுக்கு மருந்து?”

அண்ணன் பக்கத்தில் விரிந்துகிடந்த பச்சையைக் காட்டினான். பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஒரு காலை வைத்துப் பார்த்தார்கள். ஒன்பது மணிகூட ஆகவில்லை, அதற்குள் சுட்டது. காலை எடுத்துக்கொண்டார்கள்.

“பாய் மாதிரி இருக்கு” என்றார்கள். திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. அதைவிடத் துல்லியமாக நான் படித்த எதிலும் இல்லை. கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு, கை கழுவப் போனார்கள். அண்ணன் காரை எடுத்துக்கொண்டு இந்தியக் கடைக்குப் போனான். பிளாஸ்டிக் பையில் அடைத்து, இருபத்தொன்றுக்கும் அதிகமாகவே இருந்தது.

இப்படிச் சொல்வதால் அண்ணனை வில்லனாக்கிவிடக் கூடாது. மேற்கே நெவாடாவில், லாஸ் வேகஸ் பக்கம், புல்லைப் பெயர்த்தெடுத்தால் தண்ணீர் வாரியமே பணம் தருகிறது, கால் நூற்றாண்டாக. கொலராடோ ஆறு வற்றும்போது அலங்காரப் புல்லுக்கு நீர் விடுவதைச் சட்டம்போட்டே நிறுத்துகிறார்கள். அங்கே நிஜ கிரீன் கேட்பவர்தான் குற்றவாளி. மறுபக்கம், பிளாஸ்டிக் இழைத் துணுக்குகள் மழையில் கழுவிக்கொண்டு ஓடுவதையும் வெயிலில் அது கொதிப்பதையும் காட்டி, 2023இல் கலிபோர்னியா, செயற்கைப் புல்லைத் தடைசெய்யும் உரிமையை ஊர் நிர்வாகங்களுக்குத் திரும்பக் கொடுத்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எனக்கு உறுத்துவது இதில் எதுவும் இல்லை. களை என்று ஒருமுறை, தீவனம் என்று ஒருமுறை, பட்டு என்று ஒருமுறை பெயர் மாறிய ஒரு செடியை, கடைசியில் அதன் உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதையே மருந்தடித்து அகற்றும் அந்த முதல் இரண்டு வாரம்தான்.

பராமரிப்பே வேண்டாம் என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். நவம்பரில் பைன் ஊசிகள் உதிரத் தொடங்கியதும் அவை இழைகளுக்குள் செங்குத்தாகக் குத்திக்கொண்டு நின்றன. ஒவ்வொரு சனிக்கிழமையும் அண்ணன் ஊதுகுழல் இயந்திரத்தை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்குகிறான். ஊதியதில் பறந்த மணலுக்குப் புது மணல் தூவுகிறான். படுத்துப்போன இழையைக் கடினத் துடைப்பத்தால் எதிர்ப்பக்கமாக வாரி நிமிர்த்துகிறான். ஒன்றரை மணி நேரம் பிடிக்கிறது. மகனுக்குப் பரீட்சை, பத்து நிமிஷம் உருட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறான். எட்வின் தன் பத்திரத்தில் எழுதிய கனவான், நூற்றுத் தொண்ணூறு சொச்ச வருஷம் கழித்து ஆல்ஃபரெட்டாவில் கிடைத்துவிட்டார் என்று போனில் சொன்னேன். அண்ணனுக்குப் புரியவில்லை. “மணல் மூட்டை தீர்ந்துபோச்சுடா, கடைக்குப் போகணும்” என்று வைத்துவிட்டான்.